தனுஷ்கோடிக்குப் பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூட்டிப்போகிறவர்களுக்கு

நீளமான பதிவு. டீ ஆறுவதற்குள் முடியாது. வழக்கம்போலப் பொறுமையாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

இப்போது பள்ளிக்கூடங்களில் "போட்டோகிராபி டூர்" என்று ஒன்று புதிதாகக் கிளம்பியிருக்கிறது. பழைய எக்ஸ்கர்ஷனுக்குப் புதுச் சட்டை. ஒரு பேருந்து, நாற்பது பிள்ளைகள், கையில் செல்போன், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கழுத்தில் கேமரா. காலையில் பாம்பன் பாலம், அப்புறம் கலாம் நினைவிடம், மதியம் தனுஷ்கோடி, கடைசியில் அரிச்சல்முனை. திரும்பி வந்ததும் பள்ளி ஹாலில் கண்காட்சி, மூன்று பரிசு, முகநூலில் ஆல்பம். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் மட்டுமில்லை, மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறார்கள்.

பிள்ளைகள் கடலைப் பார்ப்பதற்கு நான் எதிரி இல்லை. முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தியவள். கடலைக் கரும்பலகையில் வரைந்து காட்டியே கை தேய்ந்தவள். பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போக மாட்டோமா என்று ஏங்கியவள். ஆகவே டூரை நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதாக நினைத்து யாரும் சந்தோஷப்பட வேண்டாம், கோபப்படவும் வேண்டாம்.

என் சண்டை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அந்தக் கடற்கரையில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்துவிடுகிறோம். இடிந்த சுவரை எடுப்பதுபோலவே மனிதரையும் எடுக்கப் பழக்குகிறோம். அதற்குப் பரிசும் கொடுக்கிறோம்.

எதனால் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். போன மாதம் ஒரு தனியார் பள்ளியில் இப்படி ஒரு கண்காட்சிக்குப் பரிசு கொடுக்கக் கூப்பிட்டார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், பத்துப் பள்ளியில் ஒன்பது பள்ளி இப்படித்தான். பரிசு யாருக்கு என்று அவர்களே முன்னமே முடிவு செய்திருந்தார்கள், நான் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. முதல் பரிசு வாங்கிய படம் இது: மணலில் ஒரு பள்ளம். அதன் ஓரத்தில் குனிந்தபடி ஒரு வயதான அம்மா. கையில் சிரட்டை, பக்கத்தில் பிளாஸ்டிக் குடம். படம் நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. கீழே தலைப்பு: "வறுமை".

எடுத்த பையன் பதினொன்றாம் வகுப்பு. நல்ல பையன், கண்ணில் துறுதுறுப்பு. கேட்டேன்.

"இந்த அம்மா பேரு என்னப்பா?"

"தெரியாது மிஸ்."

"என்ன செய்றாங்க?"

"குடிக்கத் தண்ணியில்லாம மண்ணைத் தோண்டுறாங்க மிஸ்."

"அவங்ககிட்ட கேட்டியா?"

"இல்ல மிஸ். சார் சொன்னாங்க, கேட்டா போஸ் கொடுப்பாங்க, நேச்சுரலா வராதுன்னு."

பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னதைச் செய்திருக்கிறான். பரிசைக் கையில் கொடுத்து முதுகில் தட்டிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் "சார் சொன்னாங்க" என்ற அந்த வார்த்தைதான் இந்தப் பதிவை எழுத வைக்கிறது.

அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அதற்கு ஊற்று என்று பெயர். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் மணல் திட்டு. அங்கே நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கும்? மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு. ஆகவே அடியில் ஊடுருவி நிற்கும் கடல்நீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. எந்த இடத்தில் தோண்ட வேண்டும், எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும், எவ்வளவு மெதுவாக மொள்ள வேண்டும் என்று தெரிந்தால்தான் அது குடிக்கக் கிடைக்கும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே ஏறிவிடும். சிரட்டையால் மொள்வதற்குக் காரணம் வாளி வாங்கக் காசில்லை என்பது இல்லை. கலங்காமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க அதுதான் தோது.

நான் வகுப்பில் அரை மணி நேரம் படம் போட்டு நடத்திய பாடத்தை அந்த அம்மா கண்ணெதிரே செய்து காட்டிக்கொண்டிருக்கிறார். நாற்பது பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். ஒரு பிள்ளைக்குக்கூட அது பாடம் என்று தெரியவில்லை. கூடப் போன ஆசிரியருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து அதற்கு வைத்த பெயர் வறுமை.

"அப்படியென்றால் அங்கே கஷ்டமே இல்லையா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனால் அதையும் கேட்டுத்தானே தெரிந்துகொள்ள வேண்டும்? குழாய் வந்திருக்கிறதா, வந்தால் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, குடத்தை எவ்வளவு தூரம் தூக்கிப் போகிறீர்கள் என்று நாலு கேள்வி கேட்டு, அந்தப் பதிலைப் படத்துக்குக் கீழே எழுதியிருந்தால், அதைப் படித்து யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். "வறுமை" என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல வேண்டாம். பார்த்துவிட்டு "உச்" கொட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். அந்தத் தலைப்பு அந்த அம்மாவின் அறிவையும் மறைக்கிறது, அவருடைய கோரிக்கையையும் மறைக்கிறது.

அடுத்து "பேய் நகரம்" கதைக்கு வருகிறேன். கண்காட்சியில் ஏழெட்டுப் படத்துக்கு இதே தலைப்பு.

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து ரயில் தனுஷ்கோடி வரைக்கும் வந்தது. அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார். ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரைக்கும் போகலாம். போட் மெயில் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரயில் நிலையம், துறைமுகம், தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் அத்தனையையும் எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து கிளம்பி ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலையே அலை அடித்துப் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் பிறகு அரசாங்கம், இது மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தது.

இது வரைக்கும் எல்லா வழிகாட்டியும் சொல்லுவார், எல்லா யூடியூப் வீடியோவிலும் வரும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மீனவக் குடும்பங்கள் அங்கேயே இருந்தார்கள். கடல் அங்கேதானே இருக்கிறது, தொழில் அங்கேதானே இருக்கிறது? பல பத்தாண்டுகள் மின்சாரம் இல்லாமல், சாலை இல்லாமல், ஓலைக் குடிசையில் இருந்தார்கள். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை வந்தது. அதற்கு முன்னால் மணலில் போகிற வேனில் குலுங்கிக் குலுங்கித்தான் போக வேண்டும். இன்றைக்கும் அங்கே வீடுகள் இருக்கின்றன. அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகள் படிக்கிற அதே சமச்சீர்ப் பாடத்தைத்தான் படிக்கிறார்கள்.

உயிரோடு இருக்கிறவர்கள் ஊருக்குப் போய் நின்றுகொண்டு பேய் நகரம் என்று சொன்னால், அங்கே இருக்கிற பிள்ளைகள் யார்? உங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்று, வீட்டைப் படம் எடுத்து, "ஆளில்லாத வீடு" என்று போட்டால் சும்மா இருப்பீர்களா?

இடிந்த தேவாலயத்தின் மேல் ஏறி நின்று எடுத்த படமும் இரண்டு இருந்தது. அந்தச் சுவர் பவளக்கல்லால் கட்டியது. அறுபது வருஷமாக உப்புக் காற்றில் அரித்து நிற்கிறது. அதில் ஏறாதே என்று சொல்ல ஒரு ஆசிரியருக்குக்கூட வாய் வரவில்லையா? அரிச்சல்முனையில் நீரோட்டம் ஆளை இழுக்கும். அங்கே முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்த படமும் இருந்தது. எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஆல்பத்துக்கு லைக் போட்ட பெற்றோரில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்களோ.

சரி, படக்கலைக்கே வருவோம். எனக்குத் தெரியாத துறையில் மூக்கை நுழைக்கிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஸ்டுடியோ வைத்திருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். டார்க் ரூம் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

கண்காட்சியில் இருந்த மீனவர் படங்களில் முக்கால்வாசியில் மீனவருக்கு முகமே இல்லை. எல்லாம் கருப்பு நிழலுரு. பின்னால் தங்க நிறத்தில் கடல், முன்னால் வலை இழுக்கும் கரிய உருவங்கள். "சில்-அவுட்" என்று பெருமையாகச் சொன்னார்கள். அழகுதான். ஆனால் அது எப்படி வருகிறது? சூரியன் எதிரே இருக்கும்போது, வெளிச்சத்துக்கு நடுவில் நிற்கிற மனிதரைக் கேமரா கருப்பாக்கிவிடுகிறது. முகம் தெரிய வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? சுற்றிப்போய் வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிற பக்கம் நிற்க வேண்டும். அப்படி நின்றால் அவர் நம்மைப் பார்ப்பார். பார்த்தால் பேச வேண்டி வரும். "என்னம்மா, எந்த ஊரு?" என்பார். அந்தப் பத்து அடி நடையைத்தான் நம் பிள்ளைகள் தவிர்க்கிறார்கள். தவிர்க்கச் சொல்லித் தருகிறவர்கள் நாம்.

கரைவலை இழுக்கிறவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் என்னவெல்லாம் கிடைக்கும்! வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டுவிட்டு, படகு அரைவட்டமாகப் போய் வலையை இறக்கி, மறு கயிற்றோடு வேறொரு இடத்தில் கரை ஏறும். இரண்டு பக்கமும் ஆள் நின்று மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். கிடைத்ததில் பங்கு. அவர்களிடம் கேட்டால்தான் தெரியும், பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்று. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது ஆண்கடல் சீறும், பெண்கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வடகிழக்குப் பருவம் வந்தால் தலைகீழ். புவியியல் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி இது. விடையைத் தெரிந்தவர்கள் கையில் கயிற்றோடு நிற்கிறார்கள். நாம் அவர்களுடைய முதுகை எடுத்துக்கொண்டு வருகிறோம்.

இன்னொன்றும் சொல்கிறேன். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சேலைக்கு மேல் பழைய சட்டை, விரலில் சுற்றிய துணி, இடுப்பில் பை, தலை முதல் கால் வரை ஈரம். கேமரா வைத்திருக்கிறவர் பார்த்த உடனே "பாவம்" என்று தலைப்பு வைக்கிற தோற்றம். சின்னப்பாலத்தில் அப்படிப் பாசி எடுக்கிற லட்சுமி மூர்த்தி அம்மாவுக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. அவர் பாசி எடுக்கும் பெண்களின் தலைவர். பிழைப்பும் நடக்க வேண்டும், கடலும் அழியக் கூடாது என்று எந்த நாளில் எடுப்பது, எந்த நாளில் விடுவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட பெண்கள் அவர்கள். பெயர் கேட்காமல் படம் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு அவரும் ஒரு "பாவம்"தான்.

இப்போது பள்ளி நிர்வாகங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் மாணவர் படத்தைப் பள்ளிப் பக்கத்தில் போடுவதற்குப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள். நல்ல பழக்கம், வாங்கத்தான் வேண்டும். கையெழுத்துப் போடாத வீட்டுப் பிள்ளையின் முகத்தை மங்கலாக்கிப் போடுகிறீர்கள். அதே ஆல்பத்தில் குடிசை வாசலில் சட்டையில்லாமல் நிற்கிற நாலு வயதுக் குழந்தையின் படம் தெளிவாக இருக்கிறதே, அந்தக் குழந்தையின் அம்மாவிடம் யார் கையெழுத்து வாங்கினீர்கள்? கட்டணம் கட்டிய வீட்டுக் குழந்தைக்கு மட்டும்தான் மானம் உண்டா?

இதற்கு எனக்கு நேரில் கிடைத்த பதில்களையும் சொல்லிவிடுகிறேன். கமெண்ட்டில் வரப்போவதும் இவைதான்.

"அனுமதி கேட்டால் இயல்பு போய்விடும்." போகும், முதல் பத்து நிமிஷம். வந்த உடனே எடுத்தால் எல்லோரும் விறைத்துத்தான் நிற்பார்கள். ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து பேசுங்கள். கயிற்றில் ஒரு கை கொடுங்கள். அதன் பிறகு நீங்கள் அங்கே இருப்பதையே மறந்து வேலையைப் பார்ப்பார்கள். நல்ல படம் அப்போது வரும். உங்களுக்கு ஒரு மணி நேரம் இல்லை என்பதுதான் உண்மை. ஒரே நாளில் ஏழு இடம் போட்டிருக்கிறீர்கள்.

"சுற்றுலா வந்தால்தானே அவர்களுக்கு வருமானம்?" ஆமாம். சங்கு, பாசிமணி விற்கிற கடையிலும் மீன் வறுவல் கடையிலும் நாலு காசு கிடைக்கிறது. அதனால் கேட்காமல் முகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுமா? மளிகைக் கடைக்காரரிடம் அரிசி வாங்கினால் அவர் வீட்டு அடுக்களைக்குள் போய்ப் படம் எடுக்கலாமா?

"கலைக்கு எல்லை போடாதீர்கள் டீச்சர்." பெரிய கலைஞர்கள் விஷயத்தை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். நான் பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன். இவர்களில் ஒருவன் நாளைக்குக் கலெக்டர் ஆவான், ஒருத்தி டாக்டர் ஆவாள், ஒருவன் பத்திரிகைக்காரன் ஆவான். எதிரே நிற்கிற ஏழையிடம் பெயர் கேட்காமலே அவரைப் பற்றி முடிவு கட்டலாம் என்று பதினாறு வயதில் பழகினால், ஐம்பது வயதிலும் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார்கள். இதற்காகத்தான் இவ்வளவு கத்துகிறேன்.

கலாம் நினைவிடத்துக்குக் கூட்டிப்போகிறீர்களே, அவர் பல மேடைகளில் சொன்ன ஒரு விஷயம் நினைவிருக்கிறதா? ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அவருடைய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை எப்படிப் பறக்கிறது என்று பலகையில் வரைந்து நடத்தினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. மாலையில் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். இறக்கையைப் பார், வாலைப் பார், எப்படித் திரும்புகிறது பார் என்று சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு யார் கையிலும் கேமரா இல்லை. பார்த்ததை அந்தப் பையன் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. இதே தீவுதான். இதே கடல்தான். கூட்டிப்போன வாத்தியாருக்குத் தான் எதைக் காட்டப்போகிறோம் என்று தெரிந்திருந்தது. நம் டூரில் இல்லாதது அதுதான்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. என் பழைய மாணவர்களில் பலர் இன்றைக்கு ஆசிரியர்கள். அவர்களுக்கு இதைச் சொல்கிறேன். அதிகம் செலவில்லாத வேலை.

1. ஏழு இடம் வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும்.

2. போய் இறங்கியதும் முதல் ஒரு மணி நேரம் செல்போனும் கேமராவும் பைக்குள் இருக்கட்டும். நோட்டும் பேனாவும் மட்டும்.

3. மனிதர் இருக்கிற ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று விஷயம் இருக்க வேண்டும்: அவர் பெயர், அவர் அப்போது செய்துகொண்டிருந்த வேலை, அவர் சொன்ன ஒரு வாக்கியம். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னால் போடாதீர்கள். படமே வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள். இந்த மூன்றும் இல்லாத மனிதர் படம் போட்டிக்குக் கிடையாது.

4. குழந்தைகளை எடுப்பதென்றால் அம்மாவையோ அப்பாவையோ கேட்டுத்தான். குளிக்கிற இடம், வீட்டுக்குள், தூங்குகிறவர், அழுகிறவர், இவை கூடவே கூடாது.

5. எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அவர்களுக்கே அனுப்புங்கள். ஒரு பிரிண்ட்டுக்கு ஆகிற காசு, பிள்ளைகள் வழியில் வாங்கித் தின்கிற சிப்ஸ் பாக்கெட் அளவுதான். தன் படத்தைக் கையில் வைத்துப் பார்க்காத பெரியவர்கள் இன்னும் எத்தனையோ பேர்.

6. அங்கே இருக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளை கையில் இருக்கிற கேமராவை அரை நாள் அந்தப் பிள்ளை கையில் கொடுங்கள். தன் ஊரை அவள் எப்படி எடுக்கிறாள் என்று பாருங்கள். பேய் நகரம் என்று ஒரு படத்துக்காவது தலைப்பு வைக்கிறாளா என்று பாருங்கள்.

இதில் ஆறாவதைத்தான் நான் முதலாவதாகப் போட்டிருக்க வேண்டும். எழுதுகிற வேகத்தில் கடைசிக்கு வந்துவிட்டது, இருக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. டூருக்குப் பணம் கட்டச் சொல்லி வாட்ஸாப்பில் செய்தி வரும்போது, சாப்பாடு சைவமா அசைவமா, பேருந்து ஏசியா இல்லையா என்று கேட்கிறீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: "அங்கே யாரைச் சந்திக்கப் போகிறார்கள்?" பள்ளியிடம் பதில் இல்லையென்றால், பிள்ளை போகிற இடம் கடற்கரையாக இருந்தாலும் ஒன்றுதான், துணிக்கடையில் மாட்டியிருக்கிற கடற்கரை பேனராக இருந்தாலும் ஒன்றுதான்.

டிசம்பர், ஜனவரி வந்தால் டூர் பேருந்துகள் வரிசை கட்டும். பல பள்ளிகளில் இப்போதே சுற்றறிக்கை தயாராகிக்கொண்டிருக்கும். தொப்பி, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் என்று கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியல் போடுவீர்கள். அதில் ஒரு நோட்டையும் சேருங்கள். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அங்கே சந்தித்த பத்துப் பேருடைய பெயரை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பத்துப் பெயரோடு வருகிற பிள்ளைக்கு முதல் பரிசு. படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

பகிர்வதானால் தாராளமாகப் பகிருங்கள். எந்தப் பள்ளி என்று மட்டும் இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். திட்டுவதானால் இங்கேயே, மரியாதையோடு.